சுவிட்சை அணைத்தும் பல்பு மங்கலாக எரிகிறது, மீட்டரில் 84 வோல்ட்: உதவி தேவை

பிறை மாணவி (திங்கள், இரவு 11.20)

வணக்கம். பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் முதல் ஆண்டு படிக்கிறேன். வீடு பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரில், பழைய வரிசை வீடு. சாமி அறை பல்பைப் பற்றித்தான் என் கேள்வி.

தீபாவளிக்கு முன் அங்கிருந்த குண்டு பல்பை எடுத்துவிட்டு 9 வாட் எல்இடி பல்பு மாட்டினோம். அன்றிலிருந்து சுவிட்சை அணைத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் கூடத்து விளக்கையும் அணைத்துவிட்டுப் பார்த்தால், பல்பின் மூடிக்குள் விபூதி பூசியதுபோல வெளிறிய ஓர் ஒளி விடிய விடிய இருக்கிறது.

நேற்று பல்பைக் கழற்றி, ஹோல்டரின் இரண்டு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டர் வைத்தேன். சுவிட்ச் ஆன் செய்தால் 242 வோல்ட். ஆஃப் செய்தால் 84 வோல்ட்! டெஸ்ட் பேனாவின் விளக்கு இரண்டு முனைகளிலும் எரிந்தது. சந்தேகம் வந்து பழைய குண்டு பல்பை மாட்டினேன். அது துளியும் எரியவில்லை.

மின்சுற்று முழுமையாக இருந்தால்தான் மின்னோட்டம் பாயும் என்று தமிழ்ப்பள்ளியில் படித்தேன், இப்போதும் அதையேதான் படிக்கிறேன். சுவிட்ச் ஆஃப் என்றால் சுற்று அறுந்துவிட்டது. அப்புறம் எப்படி 84 வோல்ட்? 84 வோல்ட் இருந்தால் குண்டு பல்பு கொஞ்சமாவது சிவக்க வேண்டாமா? இன்னொன்று: பாடத்தில் 230 வோல்ட் என்கிறார்கள், எங்கள் வீட்டில் 242 காட்டுகிறது. மீட்டர் கோளாறா?

ஜெலுத்தோங் வாசி (திங்கள், இரவு 11.41)

எங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருந்தது. வேறு பல்பு வாங்கி மாட்டினேன், போய்விட்டது. மலிவு பல்பின் கோளாறு.

பட்டர்வொர்த் வயர்மேன் (செவ்வாய், காலை 6.55)

தங்கச்சி, பல்பை மாற்றுவது கடைசி வேலை. முதலில் காரணம் தெரியட்டும். அந்த சுவிட்சில் இருட்டில் தெரியும் சின்ன சிவப்பு விளக்கு இருக்கிறதா? இருந்தால் அது வழியாகவே கொஞ்சம் கரண்ட் கசிந்து எல்இடியை மினுக்கும். அது சாதாரண விஷயம்.

242 சரியான அளவுதான், மீட்டரைக் குறை சொல்லாதே. நம் மலேசியாவில் முன்பு 240 என்று இருந்தது, 2008 முதல் 230 என்று ஆனது. கூட 10 சதவீதம், குறைய 6 சதவீதம் வரை போகலாம். அதாவது ஏறக்குறைய 216 முதல் 253 வரை.

பிறை மாணவி (செவ்வாய், மதியம் 1.10)

நன்றி அண்ணே. சாதாரண வெள்ளை சுவிட்ச்தான், விளக்கு எதுவும் இல்லை.

பாயான் லெப்பாஸ் பொறியாளர் (செவ்வாய், இரவு 8.30)

தங்கச்சி, உன் மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொன்னதில் பாதியைத்தான் நீ கேட்டிருக்கிறாய். மின்னழுத்தம் எவ்வளவு என்று பார்த்தாய். அந்த அழுத்தத்துக்குப் பின்னால் எவ்வளவு மின்னோட்டம் வர முடியும் என்று பார்க்கவில்லை.

டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்மின்தடை பொதுவாக 10 மெகாஓம், அதாவது ஒரு கோடி ஓம். ஓம் விதியைப் போட்டுப் பார். 84 வோல்ட்டை ஒரு கோடியால் வகுத்தால் 8.4 மைக்ரோஆம்பியர். மீட்டரை வைத்தபோது பாய்ந்தது அவ்வளவுதான். 60 வாட் குண்டு பல்பு முழுதாக எரிய 60-ஐ 230-ஆல் வகுத்த 0.26 ஆம்பியர் வேண்டும். ஏறக்குறைய முப்பதாயிரம் மடங்கு! குண்டு பல்பை மாட்டியதும் அந்த 84 வோல்ட் மில்லிவோல்ட் கணக்கில் படுத்துவிடும். நம்பிக்கை இல்லாவிட்டால் பல்பு மாட்டியிருக்கும்போதே அளந்து பார். எல்இடி அப்படி இல்லை. சில மைக்ரோஆம்பியர் போனாலே இருட்டில் கண்ணுக்குத் தெரியும்.

இதைப் பேய் மின்னழுத்தம் என்று சொல்வார்கள். பெயர்தான் பேய், காரணம் வெறும் இயற்பியல். சுவரில் ஒரே குழாய்க்குள் இரண்டு மூன்று வயர்கள் ஒட்டிக்கொண்டு போகின்றன. இரண்டு செம்புக் கம்பி, நடுவில் பிவிசி உறை. மின்தேக்கி என்று நீ படிப்பதும் இதுவேதான், இரண்டு கடத்தி, நடுவில் ஒரு காப்பு. யாரும் செய்து வைக்காமலே உன் வீட்டுச் சுவருக்குள் ஒன்று இருக்கிறது.

பிறை மாணவி (செவ்வாய், இரவு 9.15)

அக்கா, கணக்கு புரிந்தது. புரியாதது ஒன்றே ஒன்று. பிவிசி காப்புப் பொருள்தானே? எலக்ட்ரான் அதைத் தாண்டவே முடியாது. தாண்டாமல் எப்படி மின்னோட்டம்?

பாயான் லெப்பாஸ் பொறியாளர் (செவ்வாய், இரவு 10.05)

நல்ல கேள்வி. நான் படித்த காலத்தில் இதைக் கேட்காமலேயே தேர்வு எழுதிவிட்டேன், வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

முதலில் ஒரு படத்தை மனதிலிருந்து அழிக்க வேண்டும். மின்சார நிறுவனமான டிஎன்பியிலிருந்து எலக்ட்ரான்கள் ஓடிவந்து, பல்புக்குள் புகுந்து, திரும்பிப் போகின்றன என்ற படம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் நேர்மின்னோட்டம் பாய்ந்தால் எலக்ட்ரான்கள் சராசரியாக நகரும் வேகம் நொடிக்கு 0.05 மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டர் கடக்க ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் சுவிட்சைத் தட்டிய நொடியே பல்பு எரிகிறது. தேர் வடம் மாதிரிதான். முன்னால் இழுத்ததும் பின்னால் பிடித்திருப்பவர் கையிலும் வடம் அசையும். அதற்காக வடத்தின் முன்பகுதி அவர் கைக்கு வந்து சேர வேண்டியதில்லை. கம்பி முழுதும் எலக்ட்ரான் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, மின்புலம் வந்ததும் எல்லாம் சேர்ந்து நகர்கின்றன.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அதாவது 100 முறை திசை மாறுகிறது. அதே கம்பி, அதே 1 ஆம்பியர் என்றால் எலக்ட்ரான் கூட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அசையும் தூரம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, உன் வீட்டுப் பல்பில் எந்த எலக்ட்ரானும் எங்கும் போய்ச் சேருவதில்லை. இருந்த இடத்திலேயே ஆடுகிறது.

இப்போது உறுமி மேளத்தை நினைத்துக்கொள். ஒரு பக்கத் தோலை அடித்தால் மறுபக்கத் தோலும் அதிர்கிறது. காற்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரவில்லை, ஆனால் அசைவு வந்துவிட்டது. சுவரில் உள்ள இரண்டு கம்பிகளும் அப்படித்தான். ஒன்றில் எலக்ட்ரான் கூடினால் அடுத்ததில் உள்ளவை விலகும், குறைந்தால் நெருங்கி வரும். நொடிக்கு 100 முறை இது நடக்கிறது. அந்த ஆட்டமே அந்த வயரில் பாயும் மின்னோட்டம். பேட்டரி போன்ற நேர்மின்சாரம் என்றால் ஒரே ஒரு தள்ளு, அத்தோடு நின்றுவிடும். "சுற்று முழுமையாக வேண்டும்" என்ற பள்ளிப்பாடம் பொய் இல்லை. உன் சுற்று பிவிசி வழியாக முழுமையாகிவிட்டது.

நிபோங் திபால் மாணவன் (செவ்வாய், இரவு 10.30)

84 வோல்ட் பேயா நிஜமா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. குண்டு பல்பின் ஒரு வயரை ஹோல்டரில் வை, இன்னொன்றை எர்த்தில் வை. எரிந்தால் நிஜம்.

பட்டர்வொர்த் வயர்மேன் (புதன், காலை 6.40)

தம்பி, அதை யாருக்கும் சொல்லாதே. தங்கச்சி, தயவுசெய்து செய்யாதே. அந்த முனையில் உண்மையிலேயே லைவ், அதாவது மின்சாரம் வரும் வயர், இருந்தால் 60 வாட் பல்பு 260 மில்லிஆம்பியரை எர்த்தில் இறக்கும். இஎல்சிபி (மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தை அறுக்கும் கருவி) நன்றாக இருந்தால் உடனே விழுந்து வீடே இருட்டாகும். கெட்டுப்போய் இருந்தால், எர்த்தும் சரியில்லாத வீடாக இருந்தால், எர்த்தோடு சேர்ந்த இரும்பு எல்லாவற்றிலும் கரண்ட் ஏறும். அம்மா வாஷிங் மெஷினில் கை வைத்திருப்பார்.

அதைவிட, நீ எழுதியதில் ஒரு வரி இரவு முழுதும் என்னை உறுத்தியது. டெஸ்ட் பேனா இரண்டு முனையிலும் எரிந்தது என்றாய். பேனாவுக்குள் ஒரு மெகாஓம் அளவில் மின்தடை இருக்கும், பேய்க்கும் எரியும், நிஜத்துக்கும் எரியும். அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் லைவ் மட்டும் சரியாக அறுந்திருந்தால் ஒரு முனை நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் வயர்), அங்கே பேனா எரியக்கூடாது.

ஹோல்டரின் ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் இடையே அளக்க வேண்டும், சுவிட்ச் ஆஃப்-இல். அப்பாவைக் கூட வைத்துக்கொள். நாற்காலி வேண்டாம், மர ஏணி. காலில் ரப்பர் செருப்பு. மீட்டர் வயரின் உறை வெடித்திருந்தால் தொடவே தொடாதே. எர்த்தை பிளக் பாயிண்டின் மேல் துளையிலிருந்து எடு. பயமாக இருந்தால் விட்டுவிடு, வயர்மேனைக் கூப்பிடு. அதில் ஒரு குறையும் இல்லை.

பிறை மாணவி (புதன், இரவு 9.50)

அப்பா ஏணியைப் பிடித்துக்கொள்ள அளந்தோம். சுவிட்ச் ஆஃப்.

ஒரு முனைக்கும் எர்த்துக்கும் 242 வோல்ட். இன்னொரு முனைக்கும் எர்த்துக்கும் 117 வோல்ட். முனைகளுக்கு இடையே அதே 84. 84-உம் 117-உம் கூட்டினால் 201 தான் வருகிறது. மீதி 41 எங்கே போனது என்று தெரியவில்லை. இஎல்சிபியும் இத்தனை நாளில் ஒருமுறைகூட விழவில்லை.

பட்டர்வொர்த் வயர்மேன் (புதன், இரவு 10.02)

அந்த பல்பை யாரும் தொட வேண்டாம். வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியில் (டிபி) அந்த லைட் சுற்றை அறுக்கும் சின்ன சுவிட்சை, எம்சிபியை, இறக்கிவிடு. அதன் மேல் ஒரு தாளை ஒட்டி, போடாதே என்று எழுதி வை.

உன் வீட்டு சுவிட்ச் லைவை அறுக்கவில்லை, நியூட்ரலை அறுக்கிறது. லைவ் நேராக ஹோல்டருக்குப் போயிருக்கிறது. சுவிட்சை அணைத்தால் பல்பு அணையும், ஆனால் ஹோல்டரில் 242 வோல்ட் இரவும் பகலும் நிற்கும். அணைத்துவிட்டோமே என்று நம்பி பல்பு மாற்றும்போது விரல் உலோகத்தில் பட்டால் போதும். குண்டு பல்பு இருந்த காலம் முழுதும் அப்படியே இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அது ஒழுங்காக அணைந்தது.

இஎல்சிபி லைவில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று மட்டுமே பார்க்கும். வித்தியாசம் 30 அல்லது 100 மில்லிஆம்பியர் அளவை நெருங்கினால் விழும். உன் பல்பில் கசிவது மைக்ரோஆம்பியர். அதன் கண்ணில் படாது.

பாயான் லெப்பாஸ் பொறியாளர் (புதன், இரவு 10.20)

அண்ணன் சொன்னது சரி. லைவ்தான் அறுந்திருக்கிறது, மறுமுனை நியூட்ரல்தான் என்று நினைத்துக்கொண்டேன். எர்த்தைப் பார்க்காமல் அப்படி எண்ணியது என் தவறு.

காணாமல்போன 41 வோல்ட்டை மீட்டர் தின்றுவிட்டது. அந்தரத்தில் நிற்கும் வயரில் மீட்டரை வைக்கும்போதெல்லாம் மீட்டரின் 10 மெகாஓம் சுற்றில் சேர்ந்துகொள்கிறது, அழுத்தம் இறங்குகிறது. இரண்டு முறை தனித்தனியாக அளந்தாய், இரண்டு முறையும் கொஞ்சம் இறங்கியது. ஆனால் லைவ் முனையில் 242 இறங்கவே இல்லை பார்! அதற்குப் பின்னால் டிஎன்பியின் துணைமின்நிலையமே நிற்கிறது, ஒரு மீட்டர் அதை அசைக்காது. பேயையும் நிஜத்தையும் பிரிக்கும் வித்தியாசம் இந்த எண்களிலேயே இருக்கிறது. ஆய்வக அறிக்கையில் இதை எழுது.

பிறை மாணவி (சனி, மாலை 5.30)

பதிவு பெற்ற வயர்மேன் ஒருவர் காலையில் வந்தார். சீலிங்குக்கு மேல் இருந்த இணைப்பைத் திறந்தார். சிவப்பு வயர் நேராக ஹோல்டருக்கு, கறுப்பு வயர் சுவிட்சுக்கு. முன்பு சீலிங் மாற்றியபோது வந்தவர் மாற்றி இணைத்திருக்கிறார். சரிசெய்ய அரை மணி நேரம்தான் ஆனது. இஎல்சிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொன்னார், டக்கென்று விழுந்தது. மாதம் ஒருமுறை அழுத்தச் சொல்லியிருக்கிறார்.

இப்போது ஆஃப்-இல் ஒரு முனைக்கும் எர்த்துக்கும் 1.2 வோல்ட், மறுமுனைக்கு 61. குண்டு பல்பை மாட்டி அளந்தால் அந்த 61 சுழியமாகிறது. ஆனால் எல்இடி இன்னும் எரிகிறது! முன்பைவிட மிக மங்கல், கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் தெரிகிறது.

பாயான் லெப்பாஸ் பொறியாளர் (சனி, மாலை 6.15)

எரியட்டும். சுவிட்சுக்குப் போகும் லைவும் அங்கிருந்து வரும் வயரும் ஒரே குழாயில் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் போகின்றன. மின்தேக்கி அங்கேயே இருக்கிறது. அந்த மங்கல் ஒளி அன்றும் ஆபத்தாக இல்லை, இன்றும் இல்லை. ஆபத்து அதன் பக்கத்தில் நின்ற 242-இல் இருந்தது. பிடிக்கவில்லை என்றால் வேறு பல்பு மாட்டிப் பார், பல்புக்குப் பல்பு உள்சுற்று மாறும். ஜெலுத்தோங் நண்பர் சொன்னதை இப்போது செய்யலாம்.

பட்டர்வொர்த் வயர்மேன் (சனி, இரவு 7.05)

முதல் நாளே பல்பை மாற்றியிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். தங்கச்சி, சீலிங் மாற்றியவர் அந்த ஒரு அறையை மட்டுமா தொட்டார்?

பிறை மாணவி (சனி, இரவு 9.40)

இல்லை அண்ணே, பின்பக்க அறையும் சமையலறையும் அவர் செய்ததுதான். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அப்பாவும் நானும் அளந்தோம். பின்பக்க அறை சரியாக இருக்கிறது. சமையலறையில் ஆஃப்-இல் எர்த்துக்கு 241. எம்சிபியை இறக்கித் தாளும் ஒட்டிவிட்டேன். வயர்மேன் நாளை காலை மறுபடி வருகிறார்.