கர்ணம் கீழே படுத்திருக்கிறது: சைன் சி விடை ஏன் மாறி வருகிறது?

கேள்வி (மாணவனின் அம்மா)

வணக்கம். மகன் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. முக்கோணவியலில் ஒரு கணக்கில் நேற்று மாலையிலிருந்து நிற்கிறோம். முக்கோணம் ஏபிசி-யில் கோணம் ஏ = 90°, ஏபி = 7 செ.மீ., பிசி = 25 செ.மீ. சைன் சி, காஸ் சி, டேன் சி காண வேண்டும். அவன் பிதாகரஸ் தேற்றப்படி 7² + 25² = 674, ஆகவே கர்ணம் √674 என்று எடுத்திருக்கிறான். சைன் சி = 7/√674 வருகிறது. கொடுத்திருக்கும் விடையோ 7/25. படத்தில் பிசி கீழே நேராகப் படுத்திருக்கிறது, ஏ மேலே உச்சியில். எங்கே இடிக்கிறது?

பதில் (கணித ஆசிரியர்)

அம்மா, கூட்டல் சரி, கர்ணம்தான் மாறிப்போயிருக்கிறது. பெரும்பாலான படங்களில் செங்கோணம் கீழ் மூலையில் இருக்கும், கர்ணம் சாய்ந்த கோடாக வரும். அதையே பார்த்துப் பழகிய பிள்ளைகள் படுத்திருக்கும் கோட்டைக் கர்ணமாக நினைப்பதே இல்லை. ஆண்டுதோறும் வகுப்பில் பார்க்கிறேன், பிள்ளையைத் திட்டாதீர்கள். செங்கோணத்துக்கு எதிரே இருப்பது எதுவோ அதுதான் கர்ணம், எப்படித் திருப்பி வரைந்தாலும்.

படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத்துகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். செங்கோணம் ஏ-யில். பெயரில் ஏ இல்லாத பக்கம் பிசி. அதனால் கர்ணம் 25. சி-க்கு எதிர்ப்பக்கம், சி இல்லாத ஏபி, அதாவது 7. மிச்சமிருக்கும் ஏசி அடுத்துள்ள பக்கம். ஏசி² = 625 − 49 = 576, ஏசி = 24. சைன் சி = 7/25, காஸ் சி = 24/25, டேன் சி = 7/24.

சைன், காஸ் இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1 வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் இந்தப் பிழையை அது பிடிக்காது. அவனுடைய பழைய விடையிலும் 49/674 + 625/674 = 1 வந்துவிடும். முதலில் கர்ணத்தைச் சரியாகப் பிடித்தாக வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி சார், இப்போது தானே போட்டுவிட்டான். இன்னொரு சந்தேகம். கோணம் சி எத்தனை பாகை என்று பார்க்க, கைபேசிக் கால்குலேட்டரில் 7/25, அதாவது 0.28-க்கு சைன் தலைகீழ் போட்டோம். 0.2838 என்று காட்டுகிறது. போட்ட எண்ணே லேசாக மாறித் திரும்பி வருகிறது. அந்தப் பொத்தான் வேலை செய்யவில்லையா?

பதில் (பாலிடெக்னிக் மாணவர்)

வேலை செய்கிறது அக்கா. உங்கள் கால்குலேட்டர் ரேடியனில் (பாகை போலவே கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) இருக்கிறது, அவ்வளவுதான். சின்னக் கோணங்களுக்கு ரேடியன் அளவும் சைன் மதிப்பும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், அதனால்தான் அதே எண் திரும்பி வந்த மாதிரி தெரிகிறது. 0.2838-ஐ 180/π-ஆல் பெருக்கினால் 16.26°. ‘ராட்’ என்பதை ‘டெக்’ என்று மாற்றிவிட்டுப் போட்டால் நேராகவே 16.26 வரும். எந்தக் கால்குலேட்டரை எடுத்தாலும் முதலில் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் பாகை. −0.988 என்றால் ரேடியன். சயின்டிபிக் கால்குலேட்டரில் 0.454 வந்தால் யாரோ கிரேடியனுக்கு (செங்கோணத்தை 100 பங்காகப் பிரிக்கும் அலகு) மாற்றி வைத்திருக்கிறார்கள்.

பதில் (கணித ஆசிரியர்)

தம்பி சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 16.26° என்பது 16 பாகை 26 நிமிடம் ஆகாது. 0.26 × 60 போட்டால் ஏறக்குறைய 16 நிமிடம், எனவே 16°16′. பள்ளித் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது என்பதால் இதையே சைன் அட்டவணையிலும் பார்க்கச் சொல்லுங்கள். 16°12′-க்கு 0.2790 இருக்கும். வித்தியாசப் பத்தியில் 4′-க்கு 11, அதாவது 0.0011, கூட்டினால் 0.2801. நமக்கு வேண்டிய 0.28-க்கு அதுதான் மிக அருகில். காஸ் அட்டவணை என்றால் வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும், அங்கே நிறைய மதிப்பெண் போகிறது.

அப்புறம், அதே முக்கோணத்தில் கோணம் பி-க்கும் மூன்று விகிதங்களையும் எழுதச் சொல்லுங்கள்.

கேட்டவர்

எழுதிவிட்டான் சார். சைன் பி = 24/25, காஸ் பி = 7/25, டேன் பி = 24/7. டேன் ஒன்றைவிடப் பெரிதாக வரலாமா என்று கேட்கிறான்.

பதில் (கணித ஆசிரியர்)

மூன்றும் சரி. தாராளமாக வரலாம். சைனிலும் காஸிலும் கீழே இருப்பது கர்ணம். முக்கோணத்தில் அதுதான் நீளமான பக்கம், அதனால் அந்த இரண்டும் ஒன்றைத் தாண்டாது. டேனில் கர்ணமே வருவதில்லை, மேலே 24, கீழே 7. கோணம் 45°-ஐத் தாண்டினாலே டேன் ஒன்றைத் தாண்டிவிடும். பி இங்கே 73°44′.