நுவரெலியாவில் கிறிஸ்மஸ் ரவைக் கேக் நடுவில் அமுங்கிவிடுகிறது, உதவுங்கள்

அக்காமாரே, அண்ணாமாரே, கொழும்புக்குப் பக்கத்தில், கடலோர வத்தளையில் இருந்தவரை ஒழுங்காக வந்த கேக், மாற்றலாகி இங்கே வந்ததிலிருந்து சரிவரவில்லை. இங்கு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரம். தண்ணீரே 94 பாகையில் கொதித்துவிடுகிறது. காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அளவு: ரவை 250 கிராம், பட்டர் 250, சீனி 500, மஞ்சள் கரு 12, அடித்த வெள்ளைக் கரு 4. கஜு, பிளம்ஸ், சீனிப்பாகில் ஊறிய பூசணி, இஞ்சி எல்லாம் பிராண்டியில் ஊறியபடி தயாராக இருக்கின்றன. மேசையில் வைக்கும் 35 லீட்டர் மின் ஓவன், 150 பாகை, இரண்டரை மணி நேரம்.

முதல் ஒரு மணி நேரம் அழகாக எழும்பும். அப்புறம் நடு இறங்கி, ஓரம் கருகும். ஈர்க்கு குத்தினால் பிசுபிசு என்று ஒட்டும்.

பேக்கிங் பவுடரைப் பாதியாக்கினேன், தட்டைக் கீழே இறக்கினேன், தட்டைச் சுற்றிப் பத்திரிகைத் தாள் கட்டினேன். ஓரம் கருகுவது மட்டும் குறைந்தது. ஓவன் சூட்டைத் தனி வெப்பமானி வைத்துப் பார்த்தாயிற்று, சரியாகவே காட்டுகிறது.

கடையில் வாங்கலாம்தான். ஆனால் தீபாவளிக்கு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து முறுக்கும் அதிரசமும் தட்டுத் தட்டாக வந்தன. நள்ளிரவுப் பூசை முடிந்து, குடிலில் பாலனை வைத்த பிறகு, அந்தத் தட்டுகளில் எங்கள் வீட்டுக் கேக்தான் போகவேண்டும் என்பது பிள்ளைகளின் பிடிவாதம்.

இந்த உயரத்தில் ரவைக் கேக் சுடுபவர்கள் சொல்லுங்கள்: சீனியைக் குறைப்பதா, சூட்டைக் கூட்டுவதா?