டைல், கேஸ்கேட், வியூ: சாளரங்களை ஒழுங்குபடுத்தும் சொற்கள்

வணக்கம். மென்பொருள் மெனுக்களைத் தமிழாக்கும்போது சாளரம் (விண்டோ) தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்கு என்ன வைக்கலாம் என்று வந்த கருத்துகளுக்கு என் பதில் இது. முதலில் டைல்: திறந்திருக்கும் சாளரங்களை ஒன்றையொன்று மறைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும் கட்டளை.

> டைல் என்பதற்கு 'ஓடு' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு எதுவோ புரியும். திற, மூடு, சேமி என்று மெனு முழுக்க ஏவல் வினையாக இருக்கிறது. நடுவில் 'ஓடு' என்றால் நிரலை ஓட்டும் பொத்தான் என்றுதான் யாரும் அழுத்துவார்கள். அதோடு, ஓடு என்றால் நமக்குக் கூரை ஓடு. அது ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும். இங்கே வேண்டியது நேரெதிர். 1985இல் வந்த விண்டோஸ் 1.0இல் சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்கவே முடியாது, பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். 1987இல், 2.0 வந்த பிறகுதான் மேலேறத் தொடங்கின.

என் பரிந்துரை 'பாவு'. கல் பாவிய தரை என்கிறோமே, அதே வினை. இடைவெளி விடாமல், மேலேறாமல் பரப்புவது. கிடையாகப் பாவு, செங்குத்தாகப் பாவு என்று மெனுவில் இயல்பாக உட்காருகிறது. நெசவுப் பாவு நினைவுக்கு வந்தால் வரட்டும், அது பெயர்ச்சொல். 'பாவிய சாளரம்' என்பதை யாரும் 'பாவிச் சாளரம்' என்று சுருக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

கேஸ்கேடுக்கு வந்த 'அருவி' அழகுதான், ஆனால் அதை வினையாக்க முடியாது. கேஸ்கேட் கொடுத்தால், தலைப்புப் பட்டை தெரியும்படி ஒவ்வொரு சாளரமும் முந்தையதற்குச் சற்றுக் கீழே, சற்று வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. 'படியாக அடுக்கு' போதும்.

> வியூ, விண்டோ இரண்டுக்கும் சாளரம் என்றே சொன்னால் என்ன?

நோட்பேட்++ என்ற உரைத் திருத்தியில் ஒரு கோப்பைத் திறந்து 'குளோன் டு அதர் வியூ' கொடுத்துப் பாருங்கள். சாளரம் ஒன்றுதான். நடுவில் கோடு விழுந்து, இடப்பக்கம் 10ஆம் வரியும் வலப்பக்கம் 400ஆம் வரியுமாக ஒரே கோப்பை வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் திருத்தினால் மறுபக்கமும் மாறும். எக்செல்லில் 'நியூ விண்டோ' கொடுத்தால் சாளரமே இரண்டாகிவிடும், கோப்பு அப்போதும் ஒன்றுதான். தலைப்பில் பெயருக்குப் பின்னால் 1, 2 என்று எண் வரும். அதில் ஒன்றை மூடினால் கோப்பு மூடாது.

ஆக, பார்வையை மூடு, சாளரத்தை மூடு, கோப்பை மூடு மூன்றும் வேறு வேறு வேலை. எல்லாவற்றுக்கும் 'சாளரம்' என்று எழுதினால், செய்த வேலை போச்சோ என்று பயனர் பதறுவார். 'காட்சி' டிஸ்ப்ளேவுக்குத் தேவைப்படுவதால் வியூவுக்குப் 'பார்வை' என்கிறேன். (ஈமேக்ஸ் என்ற உரைத் திருத்தியை மொழிபெயர்ப்பவர் பாடு தனி. மற்றவர்களின் விண்டோ அங்கே ஃப்ரேம், அதற்குள் இருக்கும் பகுதிதான் விண்டோ.)

பேன் மட்டும் பாக்கி, அதாவது ஒரு சாளரத்துக்குள் பிரித்த பகுதி. அப்படியே ஒலிபெயர்த்தால் தலையைச் சொறியத் தோன்றும். 'பலகம்' பேனலுக்குப் போய்விட்டது. 'தடுப்பு' என்று எழுதிப் பார்த்தேன், கொசுத் தடுப்பு மாதிரி இருக்கிறது. இப்போதைக்குப் 'பகுப்பு' என்று வைத்திருக்கிறேன். வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.