பழைய பிக்கப் சூடானபின் கிளம்புவதில்லை: கார்புரேட்டரைக் கழற்றி இன்ஜெக்‌ஷன் போடலாமா?

மலைச்சாலை:
வணக்கம். டென்வரில் இருக்கிறேன். என் பழைய செவர்லே பிக்கப் காலையில் உடனே கிளம்புகிறது. ஆனால் மலையேறும் வழியில் ஜார்ஜ்டவுனில் பெட்ரோல் போட நிறுத்தினால், அதன்பின் ஸ்டார்ட்டர் எவ்வளவு சுற்றினாலும் இன்ஜின் பிடிப்பதில்லை. நெடுநேரம் ஆறவிட்டால்தான் கிளம்புகிறது. காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் போடச் சொல்கிறார்கள். போட்டால் தீருமா? வாரக் கடைசியில் மறுபடியும் போக வேண்டும்.

திருப்புளி:
எந்த ஆண்டு வண்டி, எந்த இன்ஜின், எந்த கார்புரேட்டர், பம்ப் இன்ஜினில் இருக்கிறதா டேங்கில் இருக்கிறதா என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லை. கிளம்பாத நேரத்தில் பெட்ரோல் வாடை வருகிறதா?

நெருப்புப்பொறி:
இது பெட்ரோல் கோளாறே அல்ல. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் இக்னிஷன் மாட்யூல் சூட்டில் செத்து, ஆறியதும் உயிர் பெறும். முதலில் அதை மாற்றுங்கள்.

ஆவியடைப்பு:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்ஜினில் பொருத்திய பம்ப் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுவதால் குழாயில் அழுத்தம் குறைகிறது. உயரத்தில் காற்றழுத்தமும் குறைவாக இருப்பதால் பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகி அடைத்துக்கொள்கிறது; இதுதான் ஆவியடைப்பு. அதிலும் இது அக்டோபர். எளிதில் ஆவியாகும் குளிர்காலக் கலவை பெட்ரோல் பங்குகளுக்கு வந்துவிட்டது, பகலில் வெயிலோ இன்னும் குறையவில்லை.

வி8 ஆசான்:
சோதித்துப் பார்க்காமல் பாகத்தை மாற்றச் சொல்வது இங்கே வழக்கமாகிவிட்டது. அடிப்படை தெரிந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். கிளம்பாத நேரத்தில் சாவியை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, த்ராட்டில் கம்பியைக் கையால் ஒருமுறை இழுத்து கார்புரேட்டருக்குள் பாருங்கள். பெட்ரோல் பீறிட்டால், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, ஆவியடைப்பு இல்லை. இழுக்காமலேயே சொட்டிக்கொண்டிருந்தால், சூட்டில் கிண்ணம் கொதித்து, பெட்ரோல் வழிந்து இன்ஜினை மூழ்கடித்திருக்கிறது. எதுவும் வராவிட்டால் கிண்ணம் காலி. பெட்ரோல் சரியாக இருந்தால் மட்டும் ஸ்பார்க்கைப் பாருங்கள். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது.

மலைச்சாலை:
1978 சி10 மாடல், 350 கன அங்குல வி8 இன்ஜின், குவாட்ராஜெட் கார்புரேட்டர், பம்ப் இன்ஜினில் இருக்கிறது. கிளம்பாதபோது பெட்ரோல் வாடை கடுமையாக வரும்.

திருப்புளி:
அப்படியானால் மூழ்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். புகை வெளியேறும் வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே உள்ள வெப்ப வால்வையும் பாருங்கள். குளிரில் அது மூடி, சூடான புகையைக் கார்புரேட்டருக்கு அடியில் உள்ள வழியாகத் திருப்பும். துருவேறி மூடியபடியே சிக்கிக்கொண்டால் கார்புரேட்டர் ஓயாமல் வெந்துகொண்டிருக்கும்.

உயரம்5280:
இவ்வளவு பாடுபடுவதைவிட இன்ஜெக்‌ஷனே மேல். கடல்மட்டத்துக்கு அமைத்த ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை), மெல்லிய காற்றுக்கு ஏற்ற அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காததால் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடுகிறது. இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டரோ இன்ஜினுக்குள் காற்று செல்லும் மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜனையும் அளந்து தானே திருத்திக்கொள்கிறது. 1987இல் செவர்லேயே இந்த 350 இன்ஜினுக்குத் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் கொடுத்தது.

வி8 ஆசான்:
அந்தத் தொழிற்சாலை அமைப்பு 9 முதல் 13 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்தத்தில் ஓடியது. இன்று கடையில் கிடைக்கும் இன்ஜெக்‌ஷன் தொகுதிகள் பலவற்றுக்கு 58 பிஎஸ்ஐ அளவில் வேண்டும். உங்கள் பழைய பம்ப் தருவதோ 4 முதல் 7. ஆகவே டேங்குக்குள் புதிய மின்பம்ப், அழுத்தம் தாங்கும் குழாய், பெரும்பாலும் மிஞ்சும் பெட்ரோலை டேங்குக்கே கொண்டுபோகும் திரும்பு குழாய், குறையில்லாத எர்த் இணைப்பு எல்லாம் தேவைப்படும். மின்பம்ப் மலையில் நின்றுபோனால் வண்டியை இழுத்துத்தான் வர வேண்டும். கார்புரேட்டரைத் திருப்புளி கொண்டே ஓரளவு சரிசெய்துவிடலாம்.

உயரம்5280:
இழுத்து வரும் நிலை இன்ஜினில் உள்ள இயந்திரப் பம்பின் டயஃப்ரம் சவ்வு கிழிந்தாலும் வரும். டேங்கிலிருந்து அழுத்தித் தள்ளப்படும் பெட்ரோல் எளிதில் கொதிக்காது என்பதை நீங்கள் ஏன் சொல்லவில்லை?

ஆவியடைப்பு:
இருவரும் சொல்வது சரிதான், ஆனால் அவருக்கு வாரக் கடைசிக்குள் வண்டி ஓட வேண்டும். மறுபடி மூழ்கினால் ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். விட்டு விட்டு மிதித்தால் இன்னும் பெட்ரோல் இறங்கும்.

மலைச்சாலை:
இழுக்காமலேயே சொட்டியது. தரைவரை அழுத்தியதும் கிளம்பிவிட்டது. வெப்ப வால்வு மூடியபடி சிக்கியிருந்தது. துரு நீக்கும் எண்ணெய் விட்டு விடுவித்துவிட்டேன். இன்ஜெக்‌ஷன் இப்போதைக்கு வேண்டாம். நன்றி.

திருப்புளி:
மகிழ்ச்சி. கார்புரேட்டருக்கு அடியில் தடித்த வெப்பத்தடுப்பு கேஸ்கெட் இருக்கிறதா, இல்லை யாராவது மெல்லியதாக மாற்றிவிட்டார்களா?