ஒரே ஐஸ்கஸி வட்டை இரண்டு கணினிகளில் மவுண்ட் செய்யலாமா?

கேள்வி
வணக்கம். ஒரு லினக்ஸ் கணினியில் சும்மா கிடந்த வட்டை ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக வட்டைத் தரும் முறை) டார்கெட்டாகக் கொடுத்திருக்கிறேன். மற்ற இரண்டு கணினிகளும் 3260 போர்ட் வழியாக அதில் லாகின் ஆகின்றன. இஎக்ஸ்டி4 (லினக்ஸின் கோப்பு முறைமை) ஃபார்மேட் செய்து இரண்டிலும் மவுண்ட் செய்தேன். எந்த எர்ரரும் இல்லை. ஆனால் ஒன்றில் போட்ட கோப்பு மற்றதில் தெரியவில்லை. அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்தால்தான் வருகிறது. ஏதாவது ஆப்ஷன் விட்டுப்போனதா?

பதில்
முதலில் இரண்டிலும் எழுதுவதை நிறுத்துங்கள். முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுங்கள். பிறகு இரண்டிலும் அன்மவுண்ட் செய்து, ஒரே கணினியிலிருந்து எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைச் சோதித்துச் சரிசெய்யும் கருவி) ஓட்டுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

ஆப்ஷன் எதுவும் விட்டுப்போகவில்லை. ஐஸ்கஸி நெட்வொர்க்கில் கொண்டுபோவது ஸ்கஸி (வட்டுக்கான) கட்டளைகளை மட்டும்தான்: இந்த பிளாக்கை (வட்டின் சிறு துண்டை) படி, அந்த பிளாக்கில் எழுது. கோப்பு, ஃபோல்டர் எல்லாம் அதற்குத் தெரியாது. இஎக்ஸ்டி4-ஓ வட்டு முழுக்கத் தனக்கே சொந்தம் என்று நம்பி, எந்த பிளாக் காலி என்ற கணக்கைத் தன் மெமரியில் வைத்துக்கொள்கிறது. உங்களிடம் இப்போது இரண்டு தனித்தனிக் கணக்குகள். இரண்டும் ஒரே காலி பிளாக்கை வெவ்வேறு கோப்புக்குக் கொடுத்துவிடும். கோப்பு தெரியாமல் போவது சின்ன விஷயம். சத்தமில்லாமல் தரவு அழிவதுதான் எனக்குக் கவலை. நெட்வொர்க்கில் பிளாக்குகளைத் தரும் இன்னொரு முறையான என்பிடி-க்கு மாறினாலும் இதே கதைதான்.

கேட்டவர்
நன்றி, நகலெடுத்துவிட்டேன். இரண்டாவதில் ரீட்-ஒன்லி-யாக மவுண்ட் செய்தால் போதாதா?

பதில்
போதாது. ரீட்-ஒன்லி என்றாலும் இஎக்ஸ்டி4 மவுண்ட் ஆகும்போது ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவை) ரீப்ளே செய்யும், அதாவது வட்டில் எழுதும். நோலோட் என்ற மவுண்ட் ஆப்ஷன் கொடுத்து அதைத் தடுத்தாலும், அந்தப் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும் வட்டைப் பழைய கேஷை வைத்துப் படிப்பீர்கள்.

இரண்டுக்கும் ஒரே கோப்புகள்தான் வேண்டுமென்றால், வட்டு இருக்கும் கணினியிலேயே மவுண்ட் செய்து என்எஃப்எஸ்-ஆக (கோப்புகளையே நெட்வொர்க்கில் பகிரும் முறை) கொடுங்கள். தனித்தனி இடம் வேண்டுமென்றால் எல்விஎம்-மில் (வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் வசதி) இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கணினியின் ஐஸ்கஸி அடையாளமான ஐக்யூஎன் பெயரைப் பார்த்து ஆளுக்கொரு லன் (டார்கெட் தரும் தனி வட்டு) ஒதுக்குங்கள். ஒரே பிளாக் வட்டில் இருவரும் எழுதியே ஆகவேண்டும் என்றால் அதற்கென்றே உள்ள கோப்பு முறைமைகளான ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு, யார் எப்போது எழுதலாம் என்று ஒழுங்குபடுத்தும் லாக் மேனேஜரும், செயலிழந்த கணினியை வெட்டிவிடும் ஃபென்சிங்கும் சரியாக அமைய வேண்டும். இரண்டு கணினிக்கு அவ்வளவு பாடு தேவையில்லை என்பது என் கருத்து.

இன்னொருவர்
லன் பிரித்தபின் இஎக்ஸ்டி4-இல் எம்எம்பி (ஒரே நேரத்தில் பல இடங்களில் மவுண்ட் ஆவதைத் தடுக்கும்) வசதியை டியூன்2எஃப்எஸ் கட்டளை மூலம் ஆன் செய்துவிடுங்கள். ஒரு கணினியில் மவுண்ட் ஆகியிருக்கும்போது இன்னொன்று முயன்றால் மறுத்துவிடும். எஃப்எஸ்டேப் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல் கோப்பு) வரியில் நெட்டெவ் (_netdev) ஆப்ஷனும் சேருங்கள், இல்லையென்றால் நெட்வொர்க் வரும்முன்பே மவுண்ட் செய்யப் பார்த்து பூட் சிக்கிக்கொள்ளும்.