சரளையும் உடைமுள்ளும் உள்ள இடத்தில் வேலை: எந்த ஷூ வாங்கலாம்?

வள்ளியூர்ப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ராதாபுரம் பக்கம் சோலார் போடுகிற வேலையில் இருக்கிறேன். குழி தோண்டுவது, கம்பம் நடுவது, கேபிளுக்கு வாய்க்கால் எடுப்பது, பேனல் சுமப்பது என்று காலையில் இறங்கினால் பொழுது சாயும்வரை நின்றபடிதான். தரை முழுக்க சரளைக்கல், நடுநடுவே வெட்டிப்போட்ட சீமை உடைமுள். வேலை எடுத்தவர் கொடுத்த சேஃப்டி ஷூவைப் போட்டால் முன்பக்க இரும்பில் சுண்டுவிரல் நசுங்குகிறது, மதியத்துக்கு மேல் குதிகால் எரிகிறது, முள்ளும் ஷூவின் அடிப்பாகமான சோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது. கூட வேலை பார்க்கிற பாதிப் பேர் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ரப்பர் செருப்போடு நிற்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

சொந்தக் காசில் ஒரு நல்ல ஜோடி வாங்கலாம் என்று இருக்கிறேன். இரண்டாயிரம் ரூபாய் வரை போகலாம், அதற்கு மேல் கொஞ்சம் ஆனாலும் பரவாயில்லை. ஆன்லைனில் பார்த்தால் எஸ்1, எஸ்1பி, எஸ்3, டபுள் டென்சிட்டி என்று போட்டிருக்கிறது, எனக்கு எது என்று புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வயலிலும் இறங்குவேன், இதே ஷூ அதற்கும் ஆகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பணகுடி குவாரிக்காரன்:

தம்பி, கல்குவாரியில் ஆட்களின் பாதுகாப்பைப் பார்க்கிற வேலை எனக்கு, அதனால் ஷூ விஷயம் தினமும் காதில் விழுவதுதான். எல்லாரும் முன்பக்க இரும்பைத் தட்டிப் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். உங்களுக்குத் தொந்தரவு அடியிலிருந்துதான் வருகிறது, அதனால் முதலில் சோலைப் பாருங்கள்.

எஸ்1 என்றால் விரலுக்கு மேல் கவசம் உண்டு, குதிகாலில் அதிர்வைத் தாங்கும், ஆனால் முள்ளோ ஆணியோ ஏறாமல் தடுக்கிற தகடு அடியில் கிடையாது. எஸ்1பி-யில் அந்தத் தகடு இருக்கும். எஸ்3-இல் தகடும் உண்டு, மேல்தோல் சட்டென்று தண்ணீரை உள்ளே விடாது, சோலில் ஆழமான வெட்டும் இருக்கும். உடைமுள் கிடக்கிற காட்டில் எஸ்1 போதவே போதாது. எஸ்1பி அல்லது எஸ்3 என்று அச்சடித்திருக்கிறதா என்று ஷூவின் நாக்கில், அதாவது லேஸுக்கு அடியில் இருக்கிற மடலில், பாருங்கள். அதோடு ஐஎஸ் 15298 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். அதிலேயே பாகம் 2 என்று இருந்தால் முன்கவசம் 200 ஜூல் அடியைத் தாங்கும், அதாவது 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வருகிற அடி. பாகம் 3 என்றால் அதில் பாதிதான். பாகம் 4-இல் முன்கவசமே கட்டாயமில்லை. கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்பார், நம்ப வேண்டாம்.

தகட்டிலும் இரண்டு வகை உண்டு. எஃகுத் தகடு, துணி மாதிரி நெய்த தகடு. நெய்தது எடை குறைவு, பாதத்தோடு வளையும், ஓரம்வரை மூடும், நாள் முழுக்க நடப்பவருக்குச் சுகம். ஆனால் இந்தத் தகடுகளைச் சோதிப்பது நாலரை மில்லிமீட்டர் ஆணியை வைத்து. அதைவிட மெல்லிசான கூர்முனைக்கு நெய்த தகடு எஃகு அளவுக்கு ஈடுகொடுக்காது. உடைமுள்தான் உங்கள் முதல் பிரச்சினை என்பதால் நான் எஃகைத்தான் சொல்வேன்.

அப்புறம் சோல். பிவிசி என்ற பிளாஸ்டிக் சோல் விலை குறைவு, எடை கூடுதல், அடியில் மெத்தென்று இருக்காது. உங்கள் குதிகால் எரிச்சலுக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். பியு, அதாவது பாலியூரித்தேன் சோலில் டபுள் டென்சிட்டி என்றால் உள்ளே மெத்தென்று ஓர் அடுக்கு, வெளியே கடினமாக ஓர் அடுக்கு. நாள் முழுக்க நிற்பவருக்கு அதுதான் வேண்டும். கூரான சரளை வெறும் பியு-வைச் சீக்கிரம் அறுத்துவிடும் என்பதால், கையில் காசு இருந்தால் உள்ளே பியு, வெளியே நைட்ரைல் ரப்பர் என்று வருவதை எடுங்கள். தார் ரோடு வேலை, வெல்டிங் வேலை என்றால் ரப்பரைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம், நைட்ரைல் 300 டிகிரி சூட்டைக் கொஞ்ச நேரம் தாங்கும், பியு அங்கே உருகிப்போகும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஷூவில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், அதைப் பாருங்கள். பியு சோல் சும்மா வைத்திருந்தாலே காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளுக்குள் சிதையும். தள்ளுபடியில் கிடைக்கிற பழைய ஸ்டாக், பெட்டியில் புதுசாகத்தான் இருக்கும், போட்டு நடந்தால் சில நாளில் சோல் பொடிப்பொடியாக உதிரும். வருடக்கணக்கில் கிடந்ததை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

காவல்கிணறு காற்றாலை:

அண்ணாச்சி சொன்னதோடு அளவைப் பற்றிச் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் சுண்டுவிரல் நசுங்குவது இரும்பின் தப்பில்லை, அகலத்தின் தப்பு. தோல் போகப்போக விரிந்துகொடுக்கும், முன்கவசம் ஒரு நூல்கூட விரியாது. கடையில் போட்டுப் பார்க்கும்போது இடித்தால் அது கடைசிவரை இடிக்கும், பழகினால் சரியாகிவிடும் என்ற பேச்சே வேண்டாம். நம் ஊரில் சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடும் செருப்போடும் நடந்தவர்களுக்குப் பாதத்தின் முன்பக்கம் அகலம். ஒரு நம்பர் பெரிசாக வாங்கினால் அகலம் கிடைக்காது, குதிகால்தான் உள்ளே ஆடும், அப்புறம் கொப்புளம் வரும். அகல அளவு உள்ள மாடல் என்று கேட்டு வாங்குங்கள், மூக்கு உருண்டையாக இருக்கிறதையும் பாருங்கள்.

சாயங்காலம் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நின்ற கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். வேலைக்குப் போடுகிற சாக்ஸையும் கையோடு கொண்டுபோங்கள். லேஸை இறுக்கிக் கட்டி, படியில் கீழ்நோக்கி இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் போய் முட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

கணுக்காலை மூடுகிற உயரம் எடுங்கள். சரளையில் கால் பிரளாது, ஆனி ஆடிக் காற்றில் பறக்கிற மண்ணும் உள்ளே போகாது. நாங்கள் ஏணி ஏறுகிறவர்கள், அதனால் சோலில் குதிகால் பக்கம் தெளிவான படி இருக்கிறதா என்று பார்ப்போம், தட்டையான சோல் ஏணிப்படியில் வழுக்கும்.

சோலார் வேலை என்பதால் ஒரு முக்கியமான விஷயம். எஸ்1, எஸ்3 எல்லாமே ஆன்டிஸ்டேட்டிக். அது உடம்பில் சேருகிற நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்குவதற்கு. மின்சாரம் தாக்காமல் காக்கிற ஷூ என்று அதை நினைத்துவிடக் கூடாது. பேனலில் வெயில் பட்டாலே டிசி மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஷூ போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் கனெக்டரைத் தொடாதீர்கள் தம்பி.

களக்காட்டு வாழை:

வயலுக்கு அந்த ஷூ வேண்டவே வேண்டாம் தம்பி. தொளிச் சேற்றில் ஒரு நாள் இறங்கினால் தோல் ஊறி, காய்ந்ததும் விறைத்துப்போகும், அப்புறம் உங்கள் சோலார் வேலைக்கும் அது உதவாது. முழங்கால்வரை வருகிற பிவிசி கம்பூட் தனியாக ஒன்று வாங்குங்கள், விலை ஒன்றும் பெரிசில்லை. நடவு நேரத்தில் ஆழச் சேற்றில் கம்பூட் கவ்விக்கொண்டு வராது, அது உண்மைதான். வரப்பு வெட்ட, தண்ணீர் பாய்ச்ச, வாழைக்குள் சருகு அறுக்க, அதற்கெல்லாம் கட்டாயம் போடுங்கள். வாழைச் சருகுக்குள் கண்ணாடி விரியன் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது, பாம்புக்கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் விழுகிறது. காலில் புண்ணோடு தேங்கின தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரும்.

கம்பூட்டையோ ஷூவையோ தொழுவத்தில் கழற்றிப் போட்டால், மறுநாள் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். தேளும் பூரானும் அதற்குள்தான் போய்ப் படுக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் வெறுங்காலோடு வயலுக்குப் போக விடாதீர்கள், முள் தைத்தால்கூட அவருக்குத் தெரியாது. ராத்திரி நீங்களே அவர் பாதத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாளை சைட் இன்ஜினியர்:

அண்ணா, நான் ஒரு பெண், கட்டட வேலை நடக்கிற சைட்டில் நாள் முழுக்க நிற்கிறேன், அதனால் இதையும் இங்கே எழுதுகிறேன். கடையில் 5-ஆம் நம்பருக்குக் கீழே கேட்டால் இல்லை என்கிறார்கள். ஆண்களின் 5-ஐ இரண்டு சாக்ஸ் போட்டு மாட்டச் சொல்வார்கள், அப்படிச் செய்யாதீர்கள், குதிகால் ஆடினால் சாரத்தில் தடுக்கும். பெண்களுக்கென்றே செய்த 3, 4 நம்பர் சேஃப்டி ஷூ வருகிறது, ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும். சித்தாள் வேலைக்கு வருகிற அக்காமார்களுக்கு இதை யாரும் வாங்கிக் கொடுப்பதே இல்லை. கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் அவர்கள் ஹவாய் செருப்போடு கலவை சுமப்பதைத் தினமும் பார்க்கிறேன், மனசு ஆறவில்லை. சிமெண்ட் ஈரம் பாதத்தில் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் வெந்துபோகும். இங்கே காண்ட்ராக்டர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து அவர்கள் கால் அளவையும் எடுங்கள்.

வள்ளியூர்ப் பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாக்கில் பார்த்தேன், எஸ்1 என்றுதான் இருக்கிறது. அப்படியானால் எஸ்1பி-யா எஸ்3-யா? நம் ஊர் வெயிலுக்கு எஸ்3 உள்ளே வேகாதா? வாங்கினால் எப்படிப் பராமரிக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

பணகுடி குவாரிக்காரன்:

ராதாபுரம் பக்கம் என்றால் எஸ்1பி. அங்கே மழை ஐப்பசி கார்த்திகையில்தான், மற்ற மாதமெல்லாம் வெயிலும் காற்றும். எஸ்3-இல் காற்றோட்டம் குறைவு, வியர்வை உள்ளேயே நிற்கும். அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் ஈரத்தில் வேலை என்றால் எஸ்3 என்று சொல்லியிருப்பேன்.

சாக்ஸ் முழுப் பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்து அப்படியே வைத்திருக்கும், கலப்பு நூலில் எடுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது வேறு ஜோடி மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் இன்சோலை, அதாவது உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கிற மெத்தையை, வெளியே எடுத்துவிட்டு நிழலில், காற்றுப்படுகிற இடத்தில் வையுங்கள். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். நனைந்துவிட்டால் உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, அது ஈரமாக ஆக மாற்றுங்கள். தோல் வறண்டால் மெழுகு பாலிஷ் போடுங்கள். விளக்கெண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு, மடிகிற இடத்தில் ஒரு துளி போதும், சோல் ஒட்டுகிற இடத்தில் பட விடாதீர்கள். இன்சோல் அமுங்கித் தட்டையாகிவிட்டால் அதை மட்டும் மாற்றலாம், முழு ஷூவையும் தூக்கிப்போட வேண்டாம். ஆனால் முன்கவசத்தில் ஒருமுறை பலமான அடி விழுந்துவிட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், அந்த ஜோடியை வேலைக்குப் போடாதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் இன்னொன்று. கட்டுமான வேலையில் பாதுகாப்புச் சாமான் கொடுப்பது வேலை கொடுப்பவர் கடமை. முள் தைத்த ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டுபோய், தகடு உள்ள ஷூ வேண்டும் என்று நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள். எஸ்1பி என்ற பெயரையும் எல்லாருடைய கால் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், வாய்வார்த்தையாகச் சொன்னால் மறுபடியும் எஸ்1-தான் வரும்.

வள்ளியூர்ப் பையன்:

சரி அண்ணாச்சி, திங்கட்கிழமை எழுதிக் கொடுக்கிறோம். கம்பூட் மட்டும் இந்த வாரமே வாங்கிவிடுகிறேன், அப்பாவுக்கும் சேர்த்து.