பலாப்பிசினும் தேங்காய் எண்ணெயும்

கேள்வி: வணக்கம். பலாப்பழம் அரிந்தபின் கையிலும் அரிவாள்மனையிலும் ஒட்டிய பால், சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. தேங்காய் எண்ணெய் உதவுமா? வீட்டில் வேறு எதற்கெல்லாம் அதைப் பயன்படுத்துகிறீர்கள்?

மறுமொழி 1: நிச்சயம் உதவும், அம்மா. பலாப்பால் நீரில் கரையாது, எண்ணெயில் இளகிவிடும் என்பதால், அடுத்த முறை அரிவதற்கு முன்பே கைகளிலும் மனையிலும் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள். இப்போது ஒட்டியிருப்பதை எண்ணெய் விட்டுத் தேய்த்து, பழந்துணியால் துடைத்தபின் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

மறுமொழி 2: அரிவாள்மனையையும் இரும்புத் தோசைக்கல்லையும் ஈரம் போக உலர்த்தி, மெல்லியதாக எண்ணெய் தடவி வைத்தால் எளிதில் துருவேறாது.

மறுமொழி 3: நாங்கள் ஊட்டியில் வசிக்கிறோம். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே எண்ணெய் உறைந்துவிடுவதால், புட்டியை வெந்நீரில் வைத்து இளக்குகிறோம். ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: சுட்ட புண்ணில் உடனே எண்ணெய் தடவாதீர்கள், குழாய் நீரில் 20 நிமிடம் குளிர்விப்பதே சரியான முதலுதவி.